இரண்டாம் முறை கேட்பவர்

அவர் எந்தக் கேள்வியையும் இரண்டு முறை கேட்பார். அடுத்தடுத்து இல்லை. இன்றைக்கு ஒரு முறை கேட்பார், பிறகு நாம் சுத்தமாக மறந்துபோன ஒரு நாளில் வந்து அதையே மறுபடியும் கேட்பார். "இதத்தான் அன்னைக்கே சொன்னேனேம்மா" என்று யாராவது சலித்துக்கொண்டால் அவருக்குக் கோபம் வராது. "ஆமாம், சொன்னீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க" என்று குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எங்கள் ஊரில் அவருக்குக் 'கேக்கறம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, பெரிய பெயர். பின்னாளில் எந்தெந்தத் தேசத்திலோ பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்பார்களாம். என் வாயில் அது கடைசிவரை ஒட்டவில்லை. இங்கேயும் அதைச் சொல்லப்போவதில்லை.

ஐம்பதுகளின் நடுவில், மழை சேர்ந்தாற்போல் பொய்த்துக்கொண்டிருந்த சமயத்தில் அவர் வந்தார். சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, பெங்களூர் ரஸ்தாவிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளையும் மானாவாரி நிலம். முப்பது வயதிருக்கும் அவருக்கு. புடவைக்குக் கீழே கான்வாஸ் பூட்ஸ், கையில் ஆண்கள் கட்டுகிற கடிகாரம். வந்த புதிதில் அவரை வரி போட வந்தவர் என்றார்கள். மலேரியா மருந்து அடிக்கிறவர்களுக்கு முன்னால் வந்து வீட்டை அடையாளம் காட்டுகிறவர் என்றார்கள். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று படிப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு மானிடவியல் என்று பெயர், அதற்காக மெட்ராஸிலிருந்து ஒருத்தி தனியாக வந்து தங்குவாள் என்பதை யாரும் நம்பவில்லை. "நம்மளப் படிக்க என்னாடி இருக்குது?" என்று கிணற்றடியில் சிரித்து ஓய்ந்தோம்.

எங்கள் வீடுகளில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வெளியாள் யாராவது வந்தால் தமிழ். இது அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. முதல் முறை கேட்கும்போது பதில் தமிழில் வரும். அது விருந்தாளிக்குக் கொடுக்கிற பதில். இரண்டாம் முறை கேட்டால், சலிப்பிலோ பழக்கத்திலோ, தெலுங்கில் வரும். அந்த இரண்டாவது பதிலுக்காகவே அவர் தெலுங்கு கற்றுக்கொண்டார். ஊரைத் தாண்டி ஒரு வேப்பமரம், அதில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். எதற்கு என்று கேட்டார். மரத்துக்காரர் தமிழில், "முனியப்பன் இருக்காருங்கம்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அறுப்பு முடிந்த பிறகு அவரிடமே மறுபடியும் கேட்டார். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு தெலுங்கில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "பக்கத்துக் கொல்ல என் தம்பியோடது. மரத்து மேல அவனுக்கு ஒரு கண்ணு. தம்பி இருக்கறான், அதனால முனியப்பனும் இருக்காரு."

எனக்கு அப்போது ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. அந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும். அதைச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

கல்யாணமான இரண்டாம் வருடமே என் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், என்னை எட்டாவது வரை படிக்க வைத்தவர், அவரும் இல்லை. கணவருடைய அண்ணன் வீட்டில் இருந்தேன். பாவா என்று கூப்பிடுவோம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் என் கணவரின் பங்கு நிலம் பிரிக்காமல் இருந்தது. நான் வீட்டோடு கிடந்தால் அந்தப் பேச்சு வராது, வெளியே போனால் வரும் என்று அவருக்குப் பயம். அவர் மனைவி, என் ஓரகத்தி, அக்கா என்று கூப்பிடுவேன், வாயைத் திறந்தாலே வசவுதான். களத்து வேலை, மாட்டு வேலை எல்லாம் என் தலையில். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி. அக்கா பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்தது, மரச்சட்டம் போட்டது. என் கணவர் போன பிறகு அதை என் கண்ணில் படாமல் உள்ளறையில் மாட்டச் சொல்லிவிட்டார் பாவா. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போய் மாட்டினாள். அவளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

கூடப் படித்த ஒரு தோழி பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். தொழிற்சாலையில் பெண்களை எடுக்கிறார்கள், தாமிரக் கம்பி சுற்றுகிற வேலை, எட்டாவது போதும், வந்தால் என்னோடு தங்கிக்கொள் என்று திருவிழாவுக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் எப்படிப் போவது? ரஸ்தாவுக்குப் போகிற வழி முழுக்க எங்கள் நிலம், எங்கள் பங்காளிகள் நிலம். மூட்டையோடு ஒரு பெண் தனியாக நடந்தால் ஒவ்வொரு வரப்பிலும் ஒருவர் நிமிர்ந்து, "எங்கம்மா போற?" என்பார். மாலைக்குள் பாவா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

கேக்கறம்மா ஒரு நாள் மாட்டுக்கொட்டகையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்த வீட்ல இருக்க உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். "எனக்கென்னாம்மா கொற, நல்லாத்தான் இருக்கறன்" என்றேன், தமிழில். அவர் தலையசைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் அவர் மறுபடியும் வருவார் என்று எனக்குத் தெரியும். அதனால் அதற்கு முன் அவரைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

ஒரு ஊரில் ஒருவர் எல்லா வீட்டுக்குள்ளும் போய் எல்லாவற்றையும் கேட்கிறார் என்றால், அந்த வீட்டுச் சேதி இந்த வீட்டுக்கு வர வேண்டும் இல்லையா? அதுதானே வழக்கம். ஊர்க்கவுண்டரே ஒருமுறை அவரை நிறுத்தி, ஏரித் தண்ணீர் விஷயத்தில் பங்காளி தன்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்று விசாரித்திருக்கிறார். கேக்கறம்மா குடியிருந்ததே கவுண்டர் கொடுத்த அறையில். "அதை அவர்கிட்டயே கேளுங்களேன்" என்று சொல்லிவிட்டார். கவுண்டருக்கு மூஞ்சி சுருங்கிப்போயிற்று. காலனிக்குப் போய் அங்கே மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தபோதும் அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஊரே கேட்டது. அதற்கும் அதே பதில்தான். அதுதான் அவருடைய வேதவாக்கு. அவங்ககிட்டயே கேளுங்க.

நான் செய்த சோதனை இதுதான். கவுண்டர் வீட்டம்மா போட்டிருக்கிற கம்மல் பித்தளை, தங்கம் எப்போதோ அடகுக்குப் போய்விட்டது என்று அவர் காதில் ஒரு பொய்யைப் போட்டேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு சேதி பொழுது சாய்வதற்குள் நான்கு தெருவையும் சுற்றிவிட்டு, சொன்னவர் வாசலுக்கே வந்து நிற்கும். காத்திருந்தேன். வரவேயில்லை. சரி, மறந்துவிட்டார் போல என்று நினைத்த பிறகு ஒரு நாள் தெலுங்கில் கேட்டார், "அந்தக் கம்மல் நெஜமாவே பித்தளையா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லம்மா, தங்கந்தான். நீங்க வெளிய சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றேன். அவரும் சிரித்தார். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

கேட்பது மட்டும் இல்லை, நம்மையும் கேட்கச் சொல்வார். பெண்கள் எல்லாரும் அவரிடம் முதலில் கேட்டது ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதைத்தான். "படிப்பு இருந்துச்சே" என்றார். எல்லாரும் அதோடு விட்டுவிட்டார்கள். நான் மட்டும் அவர் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பிறகு ஒரு நாள் மறுபடியும் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "என்னைக் கேட்டவர் ஒருத்தர் இருந்தார். வேண்டாம்னு சொன்னேன். அவர் ஒரு தடவைதான் கேட்டார்."

அதற்குப் பிறகுதான் என் விஷயத்தைச் சொன்னேன். நான் எதிர்பார்த்தபடி அவர் மறுபடி வந்து, இங்கே இருக்கப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தோழி, தொழிற்சாலை, தாமிரக் கம்பி, நிலம், வரப்பு எல்லாம். கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு யோசனை, ஒரு ஆறுதல், ஒன்றும் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. "எல்லாத்தையும் கேட்டுக்கறீங்களே, ஏதாவது சொல்லுங்களேம்மா" என்று கத்திவிட்டேன். "நான் கேக்க வந்தவம்மா" என்றார். "சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் என்கிட்ட யாரும் சொல்லமாட்டாங்க." சரியான கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு நினைத்தேன். மனம்விட்டுச் சொன்னவளை இப்படி அம்போவென்று விட்டுப் போகிறாளே என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வருடம் ஆடியும் காய்ந்து போயிற்று. பெண்கள் மழைச்சோறு எடுப்பது என்று முடிவாயிற்று. வீடுவீடாகப் போய்ப் பானையில் மாவும் தானியமும் பிச்சையாக வாங்கி, மாரியம்மன் கோயிலில் வைத்துக் கூழாகக் காய்ச்சி, உப்பில்லாமல் குடிக்க வேண்டும். பிறகு ஒப்பாரி. பிறகு எல்லாப் பெண்களும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, துடைப்பமும் ஓட்டை முறமும் கந்தல் மூட்டையும் எடுத்துக்கொண்டு, இந்த ஊரில் இனிப் பிழைக்க முடியாது, போகிறோம் என்று அழுதுகொண்டே ஊர் எல்லைக்கு நடக்க வேண்டும். பெண்கள் ஊரை விட்டுப் போவதைப் பார்த்து வானத்துக்கு வெட்கம் வந்து மழை பெய்யும் என்பது நம்பிக்கை. எல்லையில் காத்திருந்தால், ஊர்க்கவுண்டர் ஆண்களோடு வந்து, "போவாதீங்க தாயிங்களா, மழ வரும், திரும்புங்க" என்று கெஞ்சி அழைத்துக்கொண்டு போவார். எங்கள் ஊர் எல்லைக்கல் ரஸ்தாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் மூட்டையோடு ரஸ்தாவை நோக்கி நடக்கிற நாள்! எந்த வரப்பிலும் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். இரண்டு புடவை, ஒரு சீப்பு, பள்ளிக்கூட சர்டிபிகேட் எல்லாவற்றையும் கிழிந்த போர்வையில் கட்டி விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அன்று காலை எடுக்கப் போனால் மூட்டை அங்கே இல்லை. அக்கா அதை எடுத்து வாசலில் வைத்திருந்தாள். "இதான உன் கந்தலு? எடு, நேரமாவுது" என்றாள். முடிச்சைப் பார்த்தேன், போட்டபடியேதான் இருந்தது, கொஞ்சம் இறுகியிருந்தது போலத் தோன்றியது. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

கேக்கறம்மா இந்த நாளை விடுவாரா? கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கான்வாஸ் பூட்ஸைக் கழற்றிவிட்டு எங்களோடு வெறுங்காலில் வந்தார். ஒரு பக்கம் ஒப்பாரி நடக்கிறது, இவர் ஒவ்வொருத்தியாக நெருங்கி, "உன் மூட்டையில என்ன?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார். "கந்தலும்மா." "ஒடஞ்ச சட்டி." "எங்க மாமியாரோட பழைய பொடவ." என்னிடமும் வந்தார். மூட்டையின் ஒரு பக்கம் எதுவோ முனை துருத்திக்கொண்டிருந்தது. அவர் பார்வை அதிலேயே நின்றது.

"உன் மூட்டையில என்ன?"

"கந்தல்" என்றேன். தமிழில்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். "கந்தல்" என்று தானும் ஒரு முறை சொல்லிக்கொண்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

எல்லையில் புளியமரங்களுக்கு அடியில் எல்லாரும் உட்கார்ந்து ஓங்கி அழத் தொடங்கினார்கள். பாதிப் பேருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சத்தத்தில் நான் ஒதுங்குகிற சாக்கில் புதருக்குப் பின்னால் போனேன், அப்படியே ரஸ்தாவில் ஏறினேன். தலைவிரி கோலமாக ஒருத்தி கையைக் காட்டியதும் பஸ் நின்றது. கண்டக்டர், "என்னம்மா, பஞ்சம் பொழைக்கவா?" என்றார். "ஆமாண்ணா" என்றேன். அந்தக் காலத்தில் அது போதும். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

பிறகு ஊரில் நடந்ததெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்ணை வெகு வருடம் கழித்து ஓசூரில் பார்த்தபோது அவள் சொன்னது. திரும்பி வந்து பார்த்தால் நான் இல்லை. பாவா ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டு, நேராகக் கேக்கறம்மாவிடம் போயிருக்கிறார். ஊர்க்கவுண்டரும் கூட இருந்திருக்கிறார்.

"நீங்கதான் எல்லார் மூட்டையும் பாத்துக்கினு வந்தீங்களே. அவ எங்க போனா? மூட்டையில என்னா வச்சிருந்தா?"

"அவகிட்டயே கேளுங்க" என்றாராம்.

"அவ இருந்தா உங்கள எதுக்கும்மா கேக்கறம்?" என்று கவுண்டர் கத்தினாராம்.

"நான் கேட்டப்ப கந்தல்னுதான் சொன்னா" என்றாராம். சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அதோடு அவர் வேலை அந்த ஊரில் முடிந்துபோயிற்று. யாரும் அவரைத் துரத்தவில்லை, அறையைக் காலி பண்ணச் சொல்லவில்லை. வாசலுக்கு வந்தால் பாய் போட்டார்கள், மோர் கொடுத்தார்கள். ஆனால் எதைக் கேட்டாலும் பதில் தமிழில் மட்டுமே வந்தது. இரண்டாம் முறை போனாலும் தமிழ்தான். மழைக்காலம் தொடங்கும் முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு அஞ்செட்டிப் பக்கம் மலைக்குப் போய்விட்டார். அதுவரை அந்த ஊரில் அவர் பட்ட பாடெல்லாம் அப்படியே பாதியில் நின்றது. எனக்காக அவர் கொடுத்த விலை அது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கல்நெஞ்சுக்காரி என்று அத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருப்பேனா?

"மழ வந்துச்சா?" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டேன்.

"அந்தம்மா போன பின்னால ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. ஏரி ரொம்பிக் கோடி போச்சு. எத்தினி வருசமா பொய்யிக்குப் போனம், இந்தத் தடவதான் ஒருத்தி நெசமாவே போனா, அதான் மானத்துக்கு ரோசம் வந்துருச்சுன்னு எங்க மாமியா சொல்லிச்சு. அதுக்கப்புறம் உங்க பாவா உன்னப் பத்தி வாயத் தொறக்கல." சொல்லிவிட்டு ஏதோ நினைவு வந்தவளாக, "அந்த நாளே சரியில்ல. உங்க வூட்டுக் கண்ணாடிகூட அன்னைக்கித்தான் கீழ வுழுந்து ஒடஞ்சு போச்சாம், உங்கக்கா சொன்னா" என்றாள்.

நான் கம்பி சுற்றினேன், கூட வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொண்டேன், பையனுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை கிடைத்தபோது அவனோடு இங்கே வந்துவிட்டேன். நான் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்திய இடத்துக்குச் சற்றுத் தள்ளி இன்றைக்கு ஒரு மேம்பாலம் இருக்கிறது.

ஒரு நாள் பேத்தி தன் கல்லூரியில் யாரோ பெரிய ஆராய்ச்சியாளர் பேசுகிறார் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். மேடையில் நரைத்த தலையோடு, காதில் கருவியோடு அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் குடை. அறிமுகப்படுத்திய பேராசிரியர், இவர் ஆராய்ச்சிக்குப் போன ஊர்களில் கோழிகளைக்கூட எண்ணாமல் விட்டதில்லை என்று புகழ்ந்தார். அவர் மழைச்சோற்றைப் பற்றிப் பேசினார். எங்கள் ஊர் என்று சொல்லவில்லை. முடிந்ததும் ஒரு பையன் எழுந்து கேட்டான், "எல்லைக்குப் போன பெண்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்களா அம்மா?"

அவர் காதுக் கருவியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார். "நான் எண்ணவில்லை" என்றார்.

அரங்கமே சிரித்தது. கோழியை எண்ணியவர் பெண்களை எண்ணவில்லையாம்! அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் முன்னால் போய் நின்று, "கேக்கறம்மா" என்றேன். அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஊரில்தான் ஆள் இருந்தது. நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். சௌக்கியமா, எங்கே இருக்கிறாய், எத்தனை பிள்ளைகள் என்று எதுவும் இல்லை. தெலுங்கில் கேட்டார், "உன் மூட்டையில என்ன இருந்துச்சு? செப்பம்மா."

எல்லாரையும் எல்லாவற்றையும் இரண்டாம் முறை கேட்டவர், என் ஒருத்தியிடம் மட்டும் அந்த இரண்டாவது கேள்வியை இத்தனை வருடம் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. "ரெண்டு பொடவ, ஒரு சீப்பு, சர்டிபிகேட்" என்றேன்.

"அந்த முனை?"

"கண்ணாடிம்மா."

"கண்ணாடியா!" அவர் கையைத் தட்டிச் சிரித்தார். "ஸ்லேட்டுன்னு நெனச்சேனே. எட்டாவது படிச்ச பொண்ணு, மேல படிக்கத்தான் ஸ்லேட்ட எடுத்துக்கினு போறான்னு நானே முடிவு பண்ணிட்டேன். நல்லவேளை, எங்கயும் எழுதல." தன் தப்பைக் கண்டுபிடித்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க ஊர்ல எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கவே இல்ல. அன்னைக்கி எல்லாரும் பொய்யா அழுதாங்க. உன் ஓரகத்தி ஒருத்திதான் கண்ணுல தண்ணி வந்து அழுதா. எதுக்குன்னு கேட்டேன். மழைக்குன்னா. பத்து நாள் கழிச்சுக் கேட்டேன். அப்பவும் மழைக்குன்னா. ரெண்டு தடவையும் தமிழ்லயே சொன்னா. ஊர் வாய மூடறதுக்கு முன்னாலயே அவ மூடிட்டா." பிறகு கேட்டார், "ஆமா, அந்தக் கண்ணாடி எதுக்கு?"

சுற்றிலும் பேராசிரியர்கள், பிள்ளைகள். பாவா போய்ச் சேர்ந்திருந்தாலும் அக்கா அதே வீட்டில், மகன் மருமகள் கையால் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாள். "மூஞ்சி பாக்கத்தான்" என்றேன். தமிழில்.

அவர் என்னையே பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டார். "சரி" என்றார். "இன்னொரு நாள் கேக்கறேன்."

கேட்கவில்லை. நீண்ட ஆயுள் வாழ்ந்து, போன மாதம் போய்விட்டார். பேத்திதான் சேதியைப் படித்துக் காட்டினாள். அவரால் ஒரு துறையே மாறிப்போயிற்று என்று எழுதியிருந்தார்களாம். இருக்கட்டும். அக்கா அவருக்கு முன்பே போய்விட்டாள். இனி யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. என்னை இரண்டாம் முறை கேட்கத்தான் ஆளில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அம்மா, அந்தக் கண்ணாடியை நான் வைக்கவில்லை. மூட்டையில் முனை துருத்திக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்தபோதுதான் நானும் பார்த்தேன். பெங்களூரில் தோழியின் அறையில் முடிச்சை அவிழ்த்தபோது, இரண்டு புடவைகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி அது இருந்தது. பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் போய், தெலுங்கில், "அக்கா, அந்தக் கண்ணாடி" என்று ஆரம்பித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, வெளியாளிடம் பேசுவது போலத் தமிழில், "அது அப்பவே ஒடஞ்சு போச்சு" என்றாள். பிறகு இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தேன். அதே பதில்தான். சொல்லிக்கொண்டே என் முகத்தை மட்டும் ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தாள்.

அவள் அன்றைக்கு மழைக்கு அழவில்லை, அம்மா.